தபால் பைகளுக்காகப் பறந்த படகுகள்: நிர்பாவின் பதின்மூன்று மாதங்கள்

நிர்பா என்ற விமான நிறுவனம் எப்படித் தோன்றியது, தென் அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுக, நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் பறக்கும் படகுகளை இயக்கிய அவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் ஓராண்டு சொச்சத்திலேயே பான் அமெரிக்கன் என்ற போட்டி விமான நிறுவனத்தின் கைக்குப் போனது என்பது கேள்வி. "தபால் ஒப்பந்தம்" என்ற இரண்டு சொற்களில் விடையை முடித்துவிடலாம். ஆனால் நிர்பாவைத் தொடங்கிய ஓநீல் என்ற நல்லவரைப் பான் அமெரிக்கனின் தலைவர் டிரிப் என்ற தந்திரசாலி ஏமாற்றினார் என்ற பழகிப்போன கதையோடு நின்றுவிட்டால், அந்த நிறுவனம் எப்படிப்பட்ட கணக்கின் மேல் கட்டப்பட்டது என்பது புரியாமல் போகும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க், ரியோ, புவெனஸ் ஐரிஸ் ஆகிய ஊர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய பெயர்தான் நிர்பா. பெயரின் தொடக்கத்தில் நியூயார்க் இருந்தாலும் வழக்கமான சேவை மயாமியோடு நின்றது. அங்கிருந்து வடக்கே போகும் கடிதங்களை அமெரிக்காவின் உள்நாட்டு வான்தபால் விமானங்கள் எடுத்துச் சென்றன.

நீரில் இறங்கும் விமானங்களைத் தென் அமெரிக்காவுக்கு முதலில் கொண்டுவந்தது நிர்பா அல்ல. கொலம்பியாவில் 1919 இறுதியில் தொடங்கப்பட்ட ஸ்காட்டா நிறுவனம், நீராவிப் படகுகள் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மக்தலேனா ஆற்று வழியில் யுங்கர்ஸ் எஃப்-13 மிதவை விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. பிரேசிலின் தென்கோடியில், 1927 பிப்ரவரியில், 'அட்லாண்டிகோ' என்ற டோர்னியர் வால் பறக்கும் படகு போர்ட்டோ அலெக்ரேவிலிருந்து பாத்தோஸ் காயலின் மேலாக ரியோ கிராண்டே வரை பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம் பிறந்த வாரிக் நிறுவனத்தின் முதல் விமானமும் அதுவே. இவை இரண்டும் ஜெர்மானியர்களின் முயற்சியில் உருவானவை. பிரெஞ்சுக்காரர்களோ 1928 மார்ச் முதல் துலூஸிலிருந்து புவெனஸ் ஐரிஸ் வரை தபால் கொண்டுசென்றார்கள். நடுவில் அட்லாண்டிக்கைக் கடக்க மட்டும் கப்பல். ஆக, ஐரோப்பியர் மூன்று பக்கமும் கால் ஊன்றிய ஒரு கண்டத்துக்குத்தான் நிர்பா பிந்தி வந்து சேர்ந்தது.

அதன் நிறுவனர் ரால்ஃப் ஓநீல், முதல் உலகப் போரில் அமெரிக்காவின் 147ஆம் விமானப் பிரிவில் பறந்து எதிரி விமானங்களை வீழ்த்தியதற்காகப் புகழ்பெற்றவர். அரிசோனாவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய நோகாலெஸ் ஊரில் வளர்ந்தவர் என்பதால் ஸ்பானிய மொழி அவருக்குச் சரளம். போருக்குப் பின் மெக்சிகோ அரசு தன் விமானப் படையைக் கட்டியெழுப்ப அவரை அமர்த்திக்கொண்டது. பிறகு போயிங் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகத் தென் அமெரிக்கத் தலைநகரங்களைச் சுற்றிவந்தார். விமானம் விற்கப் போன இடத்தில் விமானச் சேவைக்கான தேவையைக் கண்டார். நியூயார்க்கிலிருந்து புவெனஸ் ஐரிஸுக்குக் கப்பலில் இரண்டரை வாரம் ஆயிற்று. ஒரு வணிகர் கடிதம் எழுதிப் பதில் பெற ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார். அதை ஒரு வாரமாகக் குறைத்தால் பணம் கொட்டும் என்பது ஓநீலின் எண்ணம். ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் ராண்ட் முதலீட்டாளர்களைத் திரட்டித் தந்தார். கன்சாலிடேட்டட் விமானத் தொழிற்சாலையின் தலைவர் ரூபன் ஃப்ளீட்டும் அவர்களுள் ஒருவர். 1929 மார்ச் மாதம் நிறுவனம் பதிவானது.

ஏன் பறக்கும் படகு என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்று பிரேசிலின் கரையோரம் ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குக் கனமான விமானம் இறங்கத் தக்க ஓடுதளம் அநேகமாக எங்கும் இல்லை. ஆனால் அந்தக் கரையிலுள்ள ஒவ்வொரு பெரிய ஊரும் துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். ரியோவின் குவானபாரா விரிகுடா, சல்வதோரின் தோதோஸ் விரிகுடா, பெலேமுக்கு எதிரே பாரா ஆற்று முகத்துவாரம், மான்டிவீடியோவுக்கும் புவெனஸ் ஐரிஸுக்கும் நடுவே கடல்போல் அகன்று கிடக்கும் லா பிளாத்தா என்று இயற்கை இலவசமாக வெட்டிக் கொடுத்த ஓடுதளங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. ஒரு மிதவை மேடையும் ஒரு விசைப்படகும் சில பீப்பாய்ப் பெட்ரோலும் இருந்தால் அது ஒரு விமான நிலையம். எஞ்சின் நின்றுபோனால் கீழே கடல் இருக்கிறது என்பது அந்தக் காலத்து எஞ்சின்களை அறிந்தவர்களுக்குச் சிறிய ஆறுதல் அல்ல.

இரண்டையும் பலர் ஒன்றாகக் கருதுவதால் மிதவை விமானத்துக்கும் பறக்கும் படகுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பூட்டினால் அது மிதவை விமானம். பறக்கும் படகில் விமானத்தின் உடலே படகு. இறக்கை நீரில் சாயாமல் இருக்க மட்டும் பக்கத்துக்கொரு சிறிய மிதவை. உடலின் அடிப்பாகம் முன்னிருந்து பின்னாக ஒரே வளைவாகப் போகாது. நடுவில் மாடிப்படிபோல ஒரு வெட்டு இருக்கும். வேகம் கூடக் கூடப் படகு நீரை உழுவதை விட்டு அதன் மேல் சறுக்கத் தொடங்கும். அந்தப் படிக்குப் பின்னால் காற்று புகுந்து பின்பாதியை நீரின் பிடியிலிருந்து விடுவிக்கும். அதன் பிறகே மேலெழும்ப முடியும். புதியவர்களை வியக்கவைக்கும் செய்தி, சற்றே அலையடிக்கும் நீரைவிடக் கண்ணாடிபோல் அசையாத நீர்தான் இதற்குத் தொல்லை என்பது. அசையாத நீர் அடிப்பலகையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காற்றில்லாத காலை நேரத்தில், பயணிகளும் தபாலும் எரிபொருளும் நிறைந்த படகு விரிகுடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீறிக்கொண்டு ஓடியும் எழாமல் திரும்பி வருவதும், பிறகு ஒரு விசைப்படகை முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு அலை எழுப்பி அதன் மேல் ஏறி எழும்புவதும் அக்கால விமானிகளுக்கு வாடிக்கை. இறங்கும்போது தொல்லை வேறு விதம்: அசையாத நீரில் வானம் அப்படியே தெரிவதால், நீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது.

நிர்பாவின் பெருமைக்குரிய விமானம் கன்சாலிடேட்டட் கமோடர். இது கடற்படைக்காகப் பிறந்து, வணிகத்துக்கு வந்த பிள்ளை. ஐசக் லாடன் என்ற பொறியாளர் அமெரிக்கக் கடற்படையின் கண்காணிப்புப் பணிக்காக ஒரு பெரிய பறக்கும் படகை வடிவமைத்தார். 1929 ஜனவரியில் அது பறந்து காட்டியது. ஆனால் அதே வடிவமைப்பைக் கட்டித் தரும் ஒப்பந்தத்தைக் குறைந்த விலை கேட்ட மார்ட்டின் நிறுவனம் தட்டிக்கொண்டு போனது. செலவழித்த பணத்தை எப்படியாவது மீட்க வேண்டிய நிலையில் இருந்த ஃப்ளீட்டுக்கு நிர்பா ஒரு வாடிக்கையாளராகவும் முதலீடாகவும் ஒருசேரக் கிடைத்தது. மொத்தம் 14 கமோடர்கள் கட்டப்பட்டன. 100 அடி அகல இறக்கை உடலுக்கு மேலே தூண்களில் நின்றது. அதற்கும் உடலுக்கும் நடுவே, உப்புநீர்த் தெறிப்பு உந்துவிசிறிகளை அரிக்காத உயரத்தில், தலா 575 குதிரைத் திறன் கொண்ட இரண்டு ஹார்னெட் எஞ்சின்கள். பயணிகளுக்கு மெத்தையிட்ட இருக்கைகளோடு மூன்று மூடிய அறைகள். விமானிகள் இருவரும் மட்டும் மழையும் காற்றும் முகத்தில் அடிக்கத் திறந்த குழியில் உட்கார்ந்திருந்தார்கள். கூரையில்லாமல் பறந்தால்தான் காற்றின் போக்கு தெரியும் என்று நம்பிய தலைமுறை அது.

32 பயணிகள் வரை ஏறலாம் என்று சொல்லப்படும் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது புவெனஸ் ஐரிஸிலிருந்து மான்டிவீடியோ போன்ற குறுந்தூரத்துக்கு மட்டும் பொருந்தும். ஆயிரம் மைலை ஒரே மூச்சில் பறக்க வேண்டுமானால், எரிபொருளின் எடை போக, விமானிகளையும் சேர்த்து ஏறத்தாழ 14 பேருக்குத்தான் இடம். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், பயணச்சீட்டுப் பணத்தை நம்பி இந்தச் சேவை ஒருநாளும் பிழைத்திருக்க முடியாது என்பது தானே விளங்கும்.

வேலை வேகமாக நடந்தது என்பதை மறுக்க முடியாது. 1929 ஆகஸ்ட் 21 அன்று புவெனஸ் ஐரிஸ், மான்டிவீடியோ இடையே முதல் சேவை தொடங்கியது. அதில் பறந்தவை நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிறிய சிகோர்ஸ்கி எஸ்-38கள். செப்டம்பரில் மூன்று எஞ்சின் கொண்ட ஃபோர்டு தரைவிமானங்கள் ஆண்டிஸ் மலையைக் கடந்து சான்டியாகோவுக்குப் பறக்கத் தொடங்கின. அக்டோபர் 2 அன்று வாஷிங்டனின் அனகோஸ்டியா கடற்படை விமானத் தளத்தில், அதிபர் ஹூவரின் மனைவி லூ ஹூவர் முதல் கமோடருக்கு 'புவெனஸ் ஐரிஸ்' என்று பெயர் சூட்டினார். அதிபரின் மனைவி பெயர் சூட்டிய படகின் நிறுவனத்தை அதே அதிபரின் அமைச்சர் ஒருவர் ஓராண்டுக்குள் முடித்துவைப்பார் என்று அந்த மேடையில் இருந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். விழா முடிந்து நான்கு வாரத்துக்குள் வால் தெருவின் பங்குச் சந்தை சரிந்தது.

பிரேசில் நாட்டுக்குள் பறக்க அந்நாட்டிலேயே பதிவான நிறுவனம் தேவைப்பட்டதால் நிர்பா தோ பிரேசில் என்ற கிளை நிறுவப்பட்டது. 1930 பிப்ரவரி 19 அன்று புவெனஸ் ஐரிஸிலிருந்து மயாமிக்கு முழு வழித்தடத்தின் முதல் தபால் புறப்பட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தது. ஏன் ஒரு வாரம்? வழித்தடம் 7,000 மைலுக்கு மேல். கமோடரின் பயண வேகம் மணிக்கு 108 மைல். வகுத்துப் பார்த்தால் 65 மணி நேரம் வரும். இரவில் வழிகாட்டும் விளக்குகள் இல்லாத அந்தக் கரையில் பகலில் மட்டுமே பறக்க முடியும். வழியில் போர்ட்டோ அலெக்ரே, சான்டோஸ், ரியோ, சல்வதோர், ரெசிஃபி, நத்தால், ஃபோர்ட்டலேசா, பெலேம், பாராமரிபோ, போர்ட் ஆஃப் ஸ்பெயின், சான் ஹுவான் என்று நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பீப்பாய்களில் வந்த பெட்ரோலைக் கைப்பம்பால் இறைத்து, தண்ணீர் கலந்துவிடாதபடி மெல்லிய தோலில் வடிகட்டித் தொட்டியில் ஊற்ற வேண்டும்; இது நடக்கும்போது படகு அலையில் ஆடிக்கொண்டே இருக்கும். அமேசான் முகத்துவாரத்தில் மிதந்து வரும் மரக்கட்டை ஒன்று போதும், அடிப்பலகையைக் கிழித்துவிட. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஒரு வாரம் என்பது சாதனைதான். விமானிகள் பலர் அமெரிக்கக் கடற்படையில் பறக்கும் படகு ஓட்டிப் பழகியவர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இனி பணத்துக்கு வருவோம். 1928 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய வெளிநாட்டு வான்தபால் சட்டம், வெளிநாட்டுக்குத் தபால் கொண்டுசெல்லும் நிறுவனத்துக்கு மைலுக்கு அதிகபட்சம் 2 டாலர் கொடுக்க வழிசெய்தது. கவனிக்க வேண்டியது, கணக்கு மைலுக்கு. பையில் இருக்கும் கடிதங்களின் எண்ணிக்கைக்கு அல்ல. பை பாதி காலியாக இருந்தாலும் ஆயிரம் மைல் பறந்தால் 2,000 டாலர் கைக்கு வரும். இந்தப் பணம் கிடைக்கும் நிறுவனத்துக்குப் பயணிகள் கூடுதல் வரவு. கிடைக்காத நிறுவனத்துக்குப் பயணிகள்தான் முழு வரவு. அந்த ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் தபால் துறை அமைச்சருக்குச் சட்டம் நிறையவே இடம் விட்டிருந்தது: மிகக் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பொறுப்போடு நடத்துவார் என்று அமைச்சர் கருதுபவருக்குக் கொடுத்தால் போதும்.

1927 அக்டோபரில் கீ வெஸ்டிலிருந்து ஹவானாவுக்கு 90 மைல் தபால் வழியோடு தொடங்கிய பான் அமெரிக்கன், ஹுவான் டிரிப்பின் தலைமையில் இந்தச் சட்டத்தின்படி கரீபியன் வழிகளையும், கிரேஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மேற்குக் கரை வழியையும் ஏற்கெனவே பெற்றிருந்தது. கிழக்குக் கரை மட்டும்தான் மீதி. அங்கே தரையிறங்கும் உரிமைகளும் அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே அரசுகளின் தபால் ஒப்பந்தங்களும் ஓநீலிடம் இருந்தன. ஆனால் அந்த அரசுகள் கொடுத்தது, ஏற்றிச் செல்லும் தபாலின் அளவைப் பொறுத்த கூலி. அதுவும் வடக்கு நோக்கி வரும் தபாலுக்கு மட்டும். தெற்கே திரும்பும் விமானம் அமெரிக்கத் தபால் இல்லாமல் கிட்டத்தட்ட வெறுங்கையோடு போனது. டிரிப்பிடம் ஒப்பந்தம் தரும் அமைச்சரின் நம்பிக்கை இருந்தது, கிழக்குக் கரையில் வழி இல்லை. ஓநீலிடம் வழி இருந்தது, அமெரிக்க ஒப்பந்தம் இல்லை.

அந்த அமைச்சர் வால்டர் ஃபோல்ஜர் பிரவுன். போட்டி போட்டு விலையைக் குறைக்கும் பல சிறு நிறுவனங்களைவிட, பிரெஞ்சுக்காரரையும் ஜெர்மானியரையும் எதிர்த்து நிற்கக்கூடிய ஒரே ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் போதும் என்பது அவருடைய கொள்கை. அதில் ஒரு நியாயமும் இருந்தது: கட்டுப்படியாகாத விலைக்கு ஏலம் எடுத்தவர் நடுவழியில் விட்டுவிட்டுப் போனால் தபால் நின்றுவிடும். ஆனால் அதை அவர் நடத்திய விதத்தை நடுநிலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிழக்குக் கரை ஒப்பந்தத்துக்கான ஏலத்தை அறிவிக்காமல் மாதக் கணக்கில் இழுத்தடித்தார். அந்த மாதங்களில் நிர்பா ஒவ்வொரு பயணத்திலும் நட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சரிந்த பங்குச் சந்தையில் புதிய முதலீடு கிடைக்க வழியில்லை. ஓநீல் விற்பனையை எதிர்த்தாலும், பணம் போட்டவர்களின் பொறுமை தீர்ந்துபோனது. 1930 ஆகஸ்டில் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செப்டம்பர் 15 அன்று நிர்பா முறைப்படி பான் அமெரிக்கனுக்குள் அடங்கியது. அதே செப்டம்பரில், அதுவரை வராமலிருந்த கிழக்குக் கரை ஒப்பந்தமும் வந்தது, பான் அமெரிக்கனுக்கு, மைலுக்கு 2 டாலர் என்ற உச்ச விலையில். நான்கு ஆண்டுகளுக்குப் பின் உள்நாட்டு வான்தபால் ஒப்பந்தங்களைப் பங்கிட்ட விதத்துக்காகப் பிரவுன் செனட் விசாரணைக் குழுவின் முன் நிற்க நேர்ந்தது. அப்போது ரத்தான ஒப்பந்தங்களில் பான் அமெரிக்கனின் வெளிநாட்டு ஒப்பந்தங்கள் இல்லை.

இந்த வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் சுவையான நிகழ்ச்சிகளில் பெரும்பங்கு, ஓநீல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய நினைவுக் குறிப்புகளிலிருந்து வருபவை. காயம் ஆறாத மனிதரின் எழுத்து அது. அதில் ஒவ்வொரு விபத்துக்கும் தாமதத்துக்கும் பின்னால் ஒரு துரோகி இருப்பார். அவருக்கு அநீதி நடந்தது என்பதை நான் ஏற்கிறேன். என்றாலும், கையில் அமெரிக்கத் தபால் ஒப்பந்தம் இல்லாமல், அது எப்படியும் கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கையில், அன்றைய அமெரிக்க வணிக உலகின் மிகப் பெரிய பறக்கும் படகுகளை டஜன் கணக்கில் வாங்க முடிவு செய்தது பிரவுன் அல்ல. சிறிய எஸ்-38களோடு லா பிளாத்தாவிலும் பிரேசில் கரையிலும் மட்டும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் விமானம் கட்டுபவரையே முதலீட்டாளராகக் கொண்ட நிறுவனம் சிறியதாகத் தொடங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

பான் அமெரிக்கனுக்குக் கிடைத்தது விமானங்கள் மட்டும் அல்ல. மயாமியில் நிர்பா தேர்ந்தெடுத்திருந்த டின்னர் கீ கரையோரம், முதலில் ஒரு படகுவீட்டைப் பயணிகள் நிலையமாகக் கொண்டு, பின்னர் பான் அமெரிக்கனின் பெரும் பறக்கும் படகுத் தளமாக வளர்ந்தது. அங்கே கட்டப்பட்ட முனையக் கட்டடத்தில்தான் 1954 முதல் மயாமி மாநகராட்சி அலுவலகம் இயங்குகிறது. கமோடர்கள் கரீபியனிலும் பிரேசில் கரையிலும் 1930களின் நடுப்பகுதி வரை உழைத்தன.

நிர்பா தோ பிரேசில் 1930 முடிவதற்குள் பனேர் தோ பிரேசில் என்று பெயர் மாறியது. அந்தக் கிளைதான் தாயைவிட நெடுநாள் வாழ்ந்தது. 1933இல் அது பெலேமிலிருந்து அமேசான் வழியாக மனாவுஸுக்குப் பறக்கத் தொடங்கியது. கமோடரை வடிவமைத்த லாடன் இதற்கிடையே அதே தொழிற்சாலையில் கேட்டலினா என்ற பறக்கும் படகை உருவாக்கியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் சென்னையின் செங்குன்றம் ஏரியிலும் இலங்கையின் கொக்கலை ஏரியிலும் வந்து இறங்கிய அதே கேட்டலினாக்கள்தான். 1942 ஏப்ரலில் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டு சொன்னதும் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கேட்டலினாவே. போருக்குப் பின் பனேர் தோ பிரேசில் கேட்டலினாக்களை வாங்கி, ஓடுதளமே இல்லாத அமேசான் கரையூர்களுக்குத் தபாலும் மருந்தும் ஆட்களும் கொண்டுபோக அமர்த்தியது. 1965 பிப்ரவரி 10 அன்று பிரேசிலின் ராணுவ அரசு பனேரின் உரிமத்தை ஒரே நாளில் பறிக்கும்வரை, நிர்பாவின் பிரேசில் கிளையிலிருந்து வந்த நிறுவனம் கமோடரை வரைந்தவரின் படகை அந்த ஆற்றில் இறக்கிக்கொண்டிருந்தது.